மூளைக்குள்ளும் பருவங்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நிலத்துக்குப் பருவங்கள் உண்டு. கடலுக்கு ஏற்றவற்றம் உண்டு. உயிர்களின் உடலுக்கும் அவற்றிற்கே உரிய தாளங்கள் உண்டு. அத்தாளங்களுள் ஒன்று இனப்பெருக்கச் சுழற்சி. கருவுறுதலுக்கு உடலை ஆயத்தம் செய்யும் ஹார்மோன்கள், மூளையின் வேதியியலையும் மாற்றுகின்றன என்பதைச் சிறிய எலியொன்று உலகுக்கு உணர்த்தியது. அந்த எலியே நெடுங்காலம் ஆய்வகங்களிலிருந்து ஒதுக்கியும் வைக்கப்பட்டது. ஏன் ஒதுக்கப்பட்டது? அதனால் இழந்தது யார்? இப்பாடம் விடை தேடுகிறது.

சக்கரத்தில் ஓடிய எலி

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வாங் என்னும் சீன ஆய்வாளர், வெள்ளை எலிகளைச் சுழல்சக்கரம் பொருத்திய கூண்டுகளில் வளர்த்தார். எலி விரும்பும்போது சக்கரத்தில் ஏறி ஓடலாம், விரும்பாதபோது படுத்துறங்கலாம். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதைக் கருவி எண்ணிக்கொண்டிருந்தது. உணவும் ஒளியும் வெப்பமும் ஒரே அளவில் இருந்தும் வளர்ந்த பெண் எலிகளின் ஓட்டம் ஒரே அளவில் இல்லை. ஏறத்தாழ நான்கு நாள்களுக்கு ஒருமுறை, ஓட்டம் மற்ற நாள்களைவிடப் பன்மடங்கு உயர்ந்தது, மறுநாளே தாழ்ந்தது, மீண்டும் நான்காம் நாள் உயர்ந்தது. 1923ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியாயின.

பருவம் எய்தாத இளம் எலிகளிடம் இந்த ஏற்ற இறக்கம் காணப்படவில்லை. கருவுற்ற எலிகளிடம் அது நின்றுபோயிற்று. எனவே, இத்தாளத்தின் வேர் இனப்பெருக்க உறுப்புகளில் இருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஆனால் ஓடுவதும் ஓய்வதும் மூளை இடும் கட்டளைகள் அல்லவா? வயிற்றுக்குள் இருக்கும் அண்டகம், தலைக்குள் இருக்கும் மூளையோடு எம்மொழியில் பேசுகிறது? இருபதாம் நூற்றாண்டின் உயிரியல் அறிஞர் பலர் இவ்வினாவின் பின்னே சென்றனர்.

நான்கு படிநிலைகள்

கால்நடை வளர்ப்போர் பசு பருவத்துக்கு வந்துள்ளதை அதன் கத்தலாலும் அமைதியின்மையாலும் அறிவர். பசுவுக்கு ஏறத்தாழ 21 நாள்களுக்கு ஒருமுறை இப்பருவம் வரும். உயிரியலார் இதனைச் சினைப்பருவச் சுழற்சி என்பர். எலிக்கும் சுண்டெலிக்கும் இச்சுழற்சி நான்கு அல்லது ஐந்து நாள்களில் முடிந்துவிடும். இக்குறுகிய காலமே அவற்றை ஆய்வுக்கு ஏற்றனவாக்கியது. மனித உடலில் ஒரு திங்கள் காத்திருந்து காணவேண்டிய மாற்றங்களை எலியிடம் ஒரு வாரத்திற்குள் கண்டுவிடலாம்.

எலியின் உடலைத் திறந்து பாராமலே சுழற்சியின் படிநிலையை அறியும் வழியை 1917இல் ஸ்டாக்கார்டு, பாப்பனிகொலாவ் ஆகிய இருவரும் நியூயார்க்கில் கினிப்பன்றிகளைக் கொண்டு கண்டறிந்தனர். இனப்பெருக்கப் பாதையின் உட்சுவரிலிருந்து நாள்தோறும் சில செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே அவ்வழி. சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் அச்செல்களின் வடிவம் மாறியது. 1922இல் லாங், இவான்ஸ் ஆகியோர் கலிபோர்னியாவில் எலியின் சுழற்சியை இம்முறையில் விரிவாக விளக்கினர்.

எலியின் சுழற்சி நான்கு படிநிலைகளை உடையது. முதலாவது முன்சினைப்பருவம். அண்டகத்தில் நுண்பைகள் முதிர்ந்து ஈஸ்ட்ரடையாலை மிகுதியாகச் சுரக்கும் காலம் இது. ஏறத்தாழ அரை நாள் நீடிக்கும். இரண்டாவது சினைப்பருவம். அண்டம் வெளிப்படுவதும் பெண் எலி இணையை ஏற்பதும் இக்காலத்தை ஒட்டியே நிகழும். மூன்றாவது பின்சினைப்பருவம். அண்டம் வெளியேறிய நுண்பைகள் மஞ்சள் உடலங்களாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கும். நான்காவது இடைப்பருவம். இதுவே நால்வற்றுள் நீண்டது. இரண்டு நாள்களுக்கும் மேலாக நீடிக்கக் கூடியது. கரு உண்டாகாவிடில் மஞ்சள் உடலங்கள் ஒடுங்க, அடுத்த சுழற்சி தொடங்கும்.

மனிதரின் மாதவிடாய்ச் சுழற்சியும் எலியின் சினைப்பருவச் சுழற்சியும் ஒன்றல்ல. எலிக்கு மாதவிடாய்ப் போக்கு இல்லை. அதன் மஞ்சள் உடலங்களின் ஆயுளும் மிகக் குறுகியது. ஆயினும் ஈஸ்ட்ரடையால், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்களும் இரண்டு உயிர்களிலும் வேதியியல் அமைப்பில் ஒன்றே. அவற்றை உணர்ந்து ஏற்கும் ஏற்பிகள் இரண்டின் மூளையிலும் உள்ளன. எனவே எலியிடம் கற்றதை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் பிழை; எலியிடமிருந்து கற்பதற்கு ஏதுமில்லை என்பதும் பிழை.

தெரிந்து தெளிவோம்

• கினிப்பன்றியின் செல்களை நுண்ணோக்கியில் கண்ட பாப்பனிகொலாவ், பின்னாளில் அம்முறையைப் பெண்களிடம் பயன்படுத்திக் கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையைக் கண்டறியும் வழியை வகுத்தார். அவர் பெயரால் ‘பாப் பரிசோதனை’ என்று வழங்கும் அச்சோதனை எண்ணற்ற பெண்களின் உயிரைக் காத்துள்ளது.

• கொறிவிலங்குகளுக்கு மாதவிடாய் இல்லை என்பதே நெடுங்காலக் கருத்து. 2017ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முள் சுண்டெலி என்னும் இனத்திற்கு ஏறத்தாழ ஒன்பது நாள்களுக்கு ஒருமுறை மாதவிடாய் நிகழ்வதை வெளியிட்டனர்.

பிற்பகல் இரண்டு மணி

அண்டகம் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூளையும் அண்டகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், சிறிய பெப்டைடு மூலக்கூறொன்றைத் துடிப்புத் துடிப்பாக வெளியிட்டுப் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி வெளியிடும் லூட்டினைசிங் ஹார்மோன் இரத்தத்தின்வழி அண்டகத்தை அடையும். முன்சினைப்பருவத்தில் ஈஸ்ட்ரடையாலின் அளவு உச்சத்தை அடைந்ததும் ஹைப்போதலாமஸ் அதனை உணர்ந்து, லூட்டினைசிங் ஹார்மோனைப் பெருவெள்ளமாக வெளியேற்றச் செய்கிறது. அதன் விளைவாக அண்டம் வெளிப்படுகிறது.

இவ்வெள்ளம் எப்போது புறப்படுகிறது என்பதை 1950இல் எவரெட், சாயர் என்னும் இரு அறிஞர் நுட்பமாகக் கண்டறிந்தனர். முன்சினைப்பருவத்தில் இருந்த எலிகளுக்குப் பிற்பகல் 2 மணிக்கு முன் மயக்க மருந்து செலுத்தியபோது, அன்றிரவு அண்டம் வெளிப்படவில்லை. மாலை 4 மணிக்கு அதே மருந்தைச் செலுத்தியபோது அண்டம் வழக்கம்போல் வெளிப்பட்டது. அதாவது, பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடைப்பட்ட பொழுதில் மூளை தன் கட்டளையை இட்டுவிடுகிறது. அப்பொழுது மூளை மயங்கியிருந்தால் கட்டளை பிறப்பதில்லை. அவ்வாறு தடைப்பட்ட அண்ட வெளிப்பாடு சில மணி நேரம் கழித்து நிகழவில்லை. சரியாக ஒருநாள் தள்ளியே நிகழ்ந்தது. மறுநாளின் அதே பிற்பகலுக்காக உடல் காத்திருந்தது.

இனப்பெருக்கச் சுழற்சி அண்டகத்தின் தனிச்செயல் அன்று என்பதை இவ்வாய்வு காட்டிற்று. மூளையின் நாள் கடிகாரமும் அண்டகத்தின் ஹார்மோனும் ஒத்திசையும் பொழுதிலேயே உயிரின் தொடர்ச்சிக்கான கதவு திறக்கிறது.

முளைத்து உதிரும் நுண்முட்கள்

ஹைப்போதலாமஸ் இனப்பெருக்கத்தோடு தொடர்புடையது. ஆதலால் அங்கு ஹார்மோன்கள் செயல்படுவதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் காத்திருந்தது.

மூளையில் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி உண்டு. நினைவுகளை உருவாக்குவதிலும் இடங்களையும் வழிகளையும் அறிவதிலும் அதற்குப் பெரும்பங்கு உள்ளது. அங்குள்ள நரம்புச் செல்கள் மரம்போல் கிளைத்திருக்கும். அக்கிளைகளின்மேல் முட்களைப் போன்ற மிகச்சிறிய புடைப்புகள் அமைந்திருக்கும். ஒரு நரம்புச் செல் அனுப்பும் செய்தியை மற்றொரு செல் பெற்றுக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் இந்நுண்முட்களே. முழு வளர்ச்சி பெற்ற மூளையில் இவை எளிதில் மாறுவதில்லை என்றே அறிஞர் பலர் எண்ணியிருந்தனர்.

1990ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் வூலி, எலிசபெத் கோல்டு, மாயா ஃபிராங்க்ஃபர்ட், புரூஸ் மெக்வன் ஆகியோர் இவ்வெண்ணத்தைச் சோதித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் கால்ஜி கண்டுபிடித்த சாயமேற்றும் முறையைக் கையாண்டு, சுழற்சியின் வெவ்வேறு படிநிலைகளில் இருந்த பெண் எலிகளின் ஹிப்போகேம்பஸ் செல்களை அவர்கள் ஆராய்ந்தனர். நுண்முட்களை ஒவ்வொன்றாக எண்ணினர். ஹிப்போகேம்பஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியில், முன்சினைப்பருவத்தின் இறுதியில் நுண்முட்கள் மிக அடர்ந்திருந்தன. அதன்பின் 24 மணி நேரத்திற்குள், சினைப்பருவத்தில் அவற்றின் அடர்த்தி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அடுத்த சில நாள்களில் மீண்டும் படிப்படியாகக் கூடியது.

அண்டகங்கள் நீக்கப்பட்ட எலிகளில் நுண்முட்கள் குறைந்தன. ஈஸ்ட்ரடையால் செலுத்தப்பட்டபோது அவை குறையாமல் காக்கப்பட்டன. எனவே இம்மாற்றத்தின் காரணம் ஹார்மோனே என்பது உறுதியாயிற்று. இலையுதிர்ந்து துளிர்க்கும் மரத்துக்கு ஓர் ஆண்டு தேவைப்படுகிறது. எலியின் மூளையில் அப்பருவ மாற்றம் நான்கைந்து நாள்களில் நிகழ்ந்து முடிகிறது.

நுண்முட்கள் மிகுந்தால் எலியின் அறிவும் மிகுமா என்னும் வினா இயல்பாகவே எழுந்தது. விடை அவ்வளவு எளிதாக இல்லை. நீரில் மறைந்திருக்கும் மேடையை நினைவிலிருத்தித் தேடும் தேர்வில், முன்சினைப்பருவ எலிகள் சற்றுப் பின்தங்கியதாக 1997இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. கண்ணுக்குத் தெரியும் குறியைப் பின்பற்றும் தேர்விலோ அவையே சிறந்து விளங்கின. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இடமறியும் திறனில் சுழற்சியால் உறுதியான வேறுபாடு ஏதும் இல்லை என்றது. இணைப்புகளின் எண்ணிக்கை வேறு, திறன் வேறு. சுழற்சியின் எந்நாளும் மற்றொரு நாளினும் தாழ்ந்ததன்று. மூளை ஒவ்வொரு நாளும் தன் வழிமுறையைச் சற்றே மாற்றிக்கொண்டு பணிகளைச் செய்துமுடிக்கிறது.

தூண்டலும் தணித்தலும்

மூளையின் செயல் இருவகை விசைகளின் சமநிலையால் நடைபெறுகிறது. ஒன்று நரம்புச் செல்களைத் தூண்டும் விசை. மற்றொன்று தணிக்கும் விசை. தூண்டும் பணியில் முதன்மையானது குளூட்டமேட்டு. தணிக்கும் பணியில் முதன்மையானது காபா. வண்டிக்கு முடுக்கியும் தடைக்கருவியும் போன்றவை இவை. பெண் ஹார்மோன்கள் இரண்டும் இச்சமநிலையை எதிரெதிர்த் திசைகளில் அசைக்கின்றன.

ஈஸ்ட்ரடையால் பொதுவாகத் தூண்டலை மிகுவிக்கிறது. 1968இல் தெராசாவா, டிமிராஸ் ஆகியோர், எலியின் ஹிப்போகேம்பஸில் வலிப்பை உண்டாக்கத் தேவைப்படும் மின்தூண்டலின் அளவைச் சுழற்சி முழுவதும் அளந்தனர். ஈஸ்ட்ரடையால் உச்சத்தை ஒட்டிய முன்சினைப்பருவத்தில் அவ்வளவு மிகத் தாழ்ந்தது. அதாவது, சிறு தூண்டலே வலிப்பை வரவழைக்கப் போதுமானதாயிற்று. பின்னர் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட எலி நரம்புச் செல்களில் நடந்த ஆய்வுகள், ஈஸ்ட்ரடையால் தணிக்கும் செல்களின் காபா உற்பத்தியைக் குறைப்பதையும் அதன் தொடர்ச்சியாக நுண்முட்கள் பெருகுவதையும் காட்டின.

புரோஜெஸ்டிரோன் செல்லும் வழி வேறு. மூளையில் அது இரண்டு நொதிகளால் மாற்றப்பட்டு அலோபிரெக்னனலோன் என்னும் மூலக்கூறாகிறது. இம்மூலக்கூறு காபா ஏற்பியோடு நேரே இணைந்து, காபாவின் தணிக்கும் ஆற்றலைப் பெருக்குகிறது. மிகுந்த அளவில் செலுத்தப்பட்ட புரோஜெஸ்டிரோன் எலிகளை மயக்கத்தில் ஆழ்த்துவதை ஹான்ஸ் செல்யே 1941ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அம்மயக்கத்தின் வேதியியல் காரணம் 1986இல்தான் விளங்கிற்று. புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களிலிருந்து பிறக்கும் மூலக்கூறுகள், மயக்க மருந்துகள் செயல்படும் அதே ஏற்பியில் செயல்படுவதை மயேவ்ஸ்காவும் அவருடன் பணியாற்றியோரும் நிறுவினர்.

ஹார்மோனின் அளவு மட்டுமா மாறுகிறது? அதனை ஏற்கும் ஏற்பியும் மாறுகிறது. 2005இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஜேமி மகுவயர், இஷ்த்வான் மோடி முதலியோர் சுண்டெலிகளை ஆராய்ந்தனர். புரோஜெஸ்டிரோன் மிகுந்த இடைப்பருவ இறுதியில், காபா ஏற்பிகளின் ஓர் உறுப்பான டெல்டா அலகு ஹிப்போகேம்பஸில் மிகுந்திருந்தது. இத்தகைய ஏற்பிகள் இடையறாத மென்மையான தணிப்பைத் தருவன. அந்நாள்களில் சுண்டெலிகளிடம் வலிப்பு எளிதில் தோன்றவில்லை, அச்சமும் குறைந்திருந்தது. மூளை தன் கதவுகளையும் பூட்டுகளையும் சுழற்சிக்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்கிறது என்பதை அவ்வாய்வு புலப்படுத்தியது.

வலிப்பு நோயுள்ள பெண்கள் சிலர்க்கு மாதவிடாய்க் காலத்தை ஒட்டி வலிப்பு மிகுவதை மருத்துவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மாதவிடாய்க்கு முன் புரோஜெஸ்டிரோன் திடீரெனக் குறைவதால் தணிக்கும் விசையும் குறைகிறது என்னும் விளக்கத்துக்கு எலி ஆய்வுகளே அடித்தளமிட்டன. தம் உடலில் நேர்வது கற்பனையோ என ஐயுற்ற பெண்களுக்கு, அது வேதியியல் உண்மை என்னும் உறுதி கிடைத்தது.

ஊக்கத்தின் வேதியியல்

முயற்சிக்கும் மகிழ்வுக்கும் தொடர்புடைய நரம்புணர்வு கடத்தி டோபமைன். மூளையின் ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியில் இதன் அளவு, பெண் எலிகளிடம் இடைப்பருவத்தைவிட முன்சினைப்பருவத்திலும் சினைப்பருவத்திலும் உயர்ந்திருப்பதை ஜில் பெக்கரும் அவருடைய ஆய்வுக்குழுவினரும் காட்டினர். அண்டகம் நீக்கப்பட்ட எலிகளில் டோபமைன் வெளிப்பாடு குறைந்தது. ஈஸ்ட்ரடையால் தரப்பட்டபோது உயர்ந்தது. சுழல்சக்கரத்தில் நான்காம் நாள் ஓடிய எலியின் புதிருக்கு இதுவும் ஒரு திறவுகோல். போதைப்பொருள்களுக்கு மூளை காட்டும் எதிர்வினை பெண்களிடம் ஏன் வேறுபடுகிறது என்னும் ஆய்வுக்கும் இக்கண்டுபிடிப்பு வழிவகுத்தது.

ஒதுக்கப்பட்ட பெண் எலி

இத்துணை உண்மைகளை உணர்த்திய பெண் எலிக்கு ஆய்வுலகம் அளித்த இடம் எது? 2009ஆம் ஆண்டில் வெளியான விலங்கு ஆய்வுக் கட்டுரைகளை அனலீஸ் பீரி, இர்விங் சூக்கர் ஆகிய இருவரும் திரட்டி ஆராய்ந்தனர். பத்துத் துறைகளுள் எட்டில் ஆண் விலங்குகளுக்கே முதலிடம் தரப்பட்டிருந்தது. நரம்பியலில் நிலைமை மிக மோசமாக இருந்தது. ஆண் விலங்குகளை மட்டும் கொண்ட ஆய்வுகள் 5.5 என்றால், பெண் விலங்குகளை மட்டும் கொண்ட ஆய்வு 1 என்ற விகிதத்தில் இருந்தன.

இதற்குக் கூறப்பட்ட காரணம் சுழற்சியே. ‘பெண் எலியின் ஹார்மோன்கள் நாளுக்கு நாள் மாறுகின்றன, அதனால் அளவீடுகள் நிலையாக இரா, ஆண் எலியோ மாறாத இயல்புடையது’ என்று ஆய்வாளர் பலர் கருதினர். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இக்கருத்தை நெடுங்காலம் எவரும் அளந்து பார்க்கவில்லை. 2014இல் பிரெண்டர்காஸ்ட், ஓனிஷி, சூக்கர் ஆகியோர் 293 ஆய்வுக் கட்டுரைகளின் தரவுகளை ஒப்பிட்டனர். சுழற்சியின் எந்நாள் என்று பாராமல் சோதிக்கப்பட்ட பெண் சுண்டெலிகளின் அளவீடுகள், ஆண் சுண்டெலிகளின் அளவீடுகளைவிட மிகுதியாக வேறுபடவில்லை. ஒரே கூண்டில் பல சுண்டெலிகளைச் சேர்த்து வளர்ப்பது, இருபாலாரின் அளவீடுகளிலும் வேறுபாட்டைக் கூட்டியது. ஆண் எலியின் உடலிலும் டெஸ்டோஸ்டிரோன் துடிப்புத் துடிப்பாக ஏறி இறங்குகிறது. கூட்டத்தில் அது பெறும் இடத்துக்கேற்பவும் மாறுகிறது. அந்த மாற்றத்தை யாரும் குறையாகக் கருதியதில்லை.

இங்கு இரண்டு உண்மைகளை ஒருங்கே மனங்கொள்ள வேண்டும். சுழற்சி மூளையின் வேதியியலை மாற்றுகிறது என்பது முதல் உண்மை. அம்மாற்றத்தால் பெண் உயிர் நிலையற்றதாகவோ ஆய்வுக்குத் தகுதியற்றதாகவோ ஆவதில்லை என்பது இரண்டாம் உண்மை. முதல் உண்மையைக் காரணங்காட்டிப் பெண் எலியை விலக்கியவர்கள், அறிய வேண்டியதையே தடை என்று எண்ணிவிட்டனர்.

விலையும் விடியலும்

அறியாமைக்கு விலை உண்டு. அவ்விலையை மனிதரே தந்தனர். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 1977இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கியது. பிறக்கப்போகும் குழந்தையைக் காப்பதே நோக்கம். ஆனால் மருந்து கடைக்கு வந்தபின் அதனைப் பெண்களும் உண்டனர். 1993இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. சோல்பிடெம் என்னும் தூக்க மருந்து ஆண்களைவிடப் பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது. காலையிலும் அதன் அளவு இரத்தத்தில் மிகுந்திருப்பதால் ஊர்தி ஓட்டுவது இடராகலாம். இதனைக் கருதிப் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்குமாறு அதே நிறுவனம் 2013இல் அறிவித்தது. மருந்து விற்பனைக்கு வந்து இருபது ஆண்டுகள் கடந்தபின் வந்த திருத்தம் அது.

மாற்றம் ஆய்வகத்தையும் எட்டியது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், தம்மிடம் நிதி பெறும் ஆய்வாளர்கள் விலங்கு ஆய்வுகளிலும் பால் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்னும் நெறிமுறையை 2016இல் நடைமுறைப்படுத்தின. ஒரு பாலை மட்டும் பயன்படுத்துவோர் அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்றாயிற்று.

எலியின் மூளையில் காபாவின் தணிக்கும் ஆற்றலைப் பெருக்கிய அலோபிரெக்னனலோன், மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தது. கருவுற்றிருக்கும்போது தாயின் உடலில் மிகுந்திருக்கும் இம்மூலக்கூறு, மகப்பேற்றுக்குப்பின் திடீரெனக் குறைகிறது. அக்காலத்தில் தாயர் சிலரைக் கடும் மனச்சோர்வு பற்றுகிறது. குழந்தையைக் கையில் ஏந்தியும் மகிழவியலாத அத்தாயரை, மனவுறுதி அற்றவர் என்று உலகம் பழித்ததுண்டு. அலோபிரெக்னனலோனையே மருந்தாக்கி, 60 மணி நேரம் சிரைவழிச் செலுத்தும் பிரெக்சனலோன் என்னும் மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வுக்கென்றே அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே. வாய்வழி உட்கொள்ளத்தக்க மற்றொரு மருந்து 2023இல் வந்தது. எலியின் மூளையில் தொடங்கிய தேடல், மனச்சோர்வுற்ற தாயின் படுக்கையருகே வந்து நின்றது.

ஒருவர் சினந்தாலோ கண்கலங்கினாலோ ‘எல்லாம் ஹார்மோன் செய்யும் வேலை’ என்று எள்ளுவோர் உளர். ஹார்மோன்கள் ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி எல்லார் மூளையிலும் பணிபுரிகின்றன. ஒருவரது துயரத்தைப் புறந்தள்ள அவற்றைக் காரணமாக்குவது அறிவியல் ஆகாது. அத்துயரத்தைப் புரிந்துகொள்ளவும் நீக்கவும் அவற்றை ஆராய்வதே அறிவியல். மாறுவதை அளவிட முடியாதென்று விலக்காமல், அதன் தாளத்தைப் பொறுமையுடன் கேட்டவர்களே புதியன கண்டனர். சக்கரத்தில் ஓடிய அச்சிற்றுயிர் விட்டுச்சென்ற பாடம் இதுவே.

கலைச்சொல் அறிவோம்

அண்டகம் – பெண் உயிரியில் அண்டத்தையும் ஹார்மோன்களையும் உருவாக்கும் உறுப்பு
சினைப்பருவச் சுழற்சி – பாலூட்டி இனத்துப் பெண் விலங்குகளில் கருவுறுதலுக்காக மீள மீள நிகழும் உடல் மாற்றங்களின் தொடர்
நரம்புணர்வு கடத்தி – ஒரு நரம்புச் செல்லிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்
ஏற்பி – ஹார்மோன் அல்லது வேதிப்பொருளோடு இணைந்து செல்லினுள் மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் புரதம்
மஞ்சள் உடலம் – அண்டம் வெளியேறியபின் நுண்பை மாறி உருவாகும், புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் அமைப்பு

கற்பவை கற்றபின்

1. ‘பெண் எலிகளை ஆய்வுக்குப் பயன்படுத்துதல் கடினம்’ என்னும் கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தகர்ந்தது என்பது பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் பகுதியிலுள்ள கால்நடை மருத்துவரையோ கால்நடை வளர்ப்போரையோ சந்தித்து, பசு, ஆடு ஆகியவற்றின் சினைப்பருவ அறிகுறிகளையும் அவை குறித்த வட்டார வழக்குச் சொற்களையும் தொகுத்து எழுதுக.
3. மகப்பேற்றுக்குப்பின் வரும் மனச்சோர்வு குறித்துக் குடும்பத்தினர் அறியவேண்டியவற்றை விளக்கும் துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. எலியின் சினைப்பருவச் சுழற்சியில் மிக நீண்ட படிநிலை
அ) முன்சினைப்பருவம் ஆ) சினைப்பருவம் இ) பின்சினைப்பருவம் ஈ) இடைப்பருவம்

2. புரோஜெஸ்டிரோனிலிருந்து மூளையில் உருவாகி, காபாவின் தணிக்கும் ஆற்றலைப் பெருக்குவது
அ) டோபமைன் ஆ) குளூட்டமேட்டு இ) அலோபிரெக்னனலோன் ஈ) ஈஸ்ட்ரடையால்

குறுவினா

1. சுழல்சக்கரச் சோதனையில் வளர்ந்த பெண் எலிகளிடம் காணப்பட்ட தாளம் யாது?
2. நரம்புச் செல்லின் நுண்முட்கள் செய்யும் பணி யாது?
3. 2016இல் நடைமுறைக்கு வந்த ஆய்வு நெறிமுறை எதனை வலியுறுத்தியது?

சிறுவினா

1. எவரெட், சாயர் ஆகியோரின் ஆய்வு உணர்த்தும் உண்மையை விளக்குக.
2. ஈஸ்ட்ரடையாலும் புரோஜெஸ்டிரோனும் மூளையின் சமநிலையை எதிரெதிர்த் திசைகளில் அசைப்பதைச் சான்றுடன் எழுதுக.
3. ‘இணைப்புகளின் எண்ணிக்கை வேறு, திறன் வேறு’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

1. அறிவியலில் அளந்து பாராத முற்கருத்து எத்தகைய விளைவுகளை உண்டாக்கும் என்பதைப் பாடக் கருத்துகளின் துணையோடு கட்டுரைக்க.